கவருக்கு விலை உண்டு, கதிருக்கு விலை இல்லையா?

(பெரம்பூரில் நடந்த விவசாயிகள் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

   

பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம், கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டு ரயிலும் பஸ்ஸும் ஏறி வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். இன்று ஒரே ஒரு கம்பெனியின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். அவனை ஏசுவதற்காக அல்ல. அவன் எப்படி வளர்ந்தான் என்று தெரிந்தால்தான், நாம் ஏன் வளரவில்லை என்பது விளங்கும்.

இங்கிருந்து வடகிழக்கே போனால் திருவொற்றியூர். அங்கே ஐ.டி.சி. கம்பெனியின் ஆலை இருக்கிறது. நம் ஊர் பெட்டிக்கடையில் தொங்குகிற சன்ஃபீஸ்ட் பிஸ்கட், பிங்கோ சிப்ஸ், மளிகைக் கடையில் அடுக்கியிருக்கும் ஆசீர்வாத் மாவு எல்லாம் இந்தக் கம்பெனியோடதுதான். ஆனால் திருவொற்றியூர் ஆலையில் கோதுமை அரைப்பதில்லை, பிஸ்கட் சுடுவதில்லை. அங்கே அச்சடிப்பது அட்டைப் பெட்டியும் கவரும். தின்கிற பொருளைச் சுற்றியிருக்கும் கவரைக்கூட அடுத்தவனிடம் விடாமல் சொந்தமாக வைத்திருக்கிறான் பாருங்கள். அவன் கதையின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

புகையிலையில் பிறந்த கம்பெனி

1910 ஆகஸ்டில் கல்கத்தாவில் வெள்ளைக்காரன் தொடங்கிய கம்பெனி இது. அப்போது பெயர் இம்பீரியல் டொபாக்கோ. சிகரெட்டுக்குப் புகையிலை வேண்டும். 1912ல் குண்டூரில் புகையிலைக்கென்றே தனிக் கம்பெனி வைத்து, ஆந்திர விவசாயியைப் பயிர் பண்ண வைத்தான். 1925ல் சிகரெட் பெட்டி அச்சடிக்கத் தனிப் பிரிவு தொடங்கினான். அந்தப் பிரிவுதான் இன்று திருவொற்றியூர் ஆலையை நடத்துகிறது.

கவனிங்க. இலை அவன் கையில், பெட்டி அவன் கையில், விற்பனை அவன் கையில். விவசாயி கையில் இருந்தது என்ன? மண்ணும் வியர்வையும்தான்.

சுதந்திரம் வந்தது. 1970ல் கம்பெனி பெயரை இந்தியா டொபாக்கோ என்று மாற்றினார்கள். 1974ல் ஐ.டி.சி. என்று மூன்று எழுத்தாகச் சுருக்கினார்கள். 2001ல் நடுவில் இருந்த புள்ளிகளையும் எடுத்துவிட்டார்கள். பெயரில் இருந்த புகையிலை போயிடுச்சு. லாபத்தில் இருந்த புகையிலை போகவில்லை. இன்னமும் லாபத்தின் பெரும்பகுதி சிகரெட்டிலிருந்துதான் வருகிறது.

அந்தச் சிகரெட் பணத்தை வைத்துக்கொண்டு 1975ல் இதே சென்னையில் சோழா ஹோட்டல் மூலம் ஹோட்டல் தொழிலுக்குள் நுழைந்தார்கள். 1979ல் பத்ராசலம் காகிதக் கம்பெனியைத் தொடங்கினார்கள். கவருக்கு அட்டை வேண்டுமே! அந்த அட்டைக்கு மரம்? தெலங்கானா, ஆந்திர விவசாயி நிலத்தில் வளரும் தைலமரம். நாமும் இங்கே தைலம், சவுக்கு போடுகிறோம். வெட்டுகிற நாளில் டன்னுக்கு விலை சொல்வது நாமா? ஆலையும் தரகரும்தானே?

1980களின் பிற்பகுதியில் சமையல் எண்ணெயில் இறங்கினார்கள். சன்டிராப் எண்ணெய் ஞாபகம் இருக்கும். அது எடுபடவில்லை. 1997ல் அமெரிக்காவின் கான்அக்ரா கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். கம்பெனி நஷ்டப்பட்டால் ஒரு பிரிவை விற்றுவிட்டு அடுத்த பிரிவைத் தொடங்கும். விவசாயி நஷ்டப்பட்டால் எதை விற்பான்? முதலில் நகை, அடுத்து மாடு, கடைசியில் நிலம்.

யாருடைய கம்பெனி?

பெயர் மாறியதே, சொந்தக்காரன் மாறினானா? லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ பெரிய பங்குதாரராகவே இருந்தது. 1990களின் நடுவில் தன் பங்கைப் பாதிக்கு மேல் உயர்த்தி, கம்பெனியை முழுசாகக் கையில் எடுக்கப் பார்த்தது. அரசு நிதி நிறுவனங்களின் பங்கு குறுக்கே நின்றதால் அது நடக்கவில்லை. 1996ல் தேவேஷ்வர் தலைவரானார். சிகரெட்டைத் தாண்டி உணவு, மளிகை என்று கம்பெனியை விரிக்கும் வேலை அவர் காலத்தில் வேகம் பிடித்தது.

இன்றைக்கும் எல்.ஐ.சி.யிடம் இந்தக் கம்பெனியின் பங்கு சுமார் 15 சதவீதம் இருக்கிறது. அது நம் பாலிசிப் பணம் ஐயா! ஆனால் நம் விளைச்சலுக்கு விலை வைக்கும் இடத்தில் நமக்கு நாற்காலி இல்லை. லண்டன் கம்பெனி 2024 மார்ச்சில் 3.5 சதவீதப் பங்கை மட்டும் விற்றது. கிடைத்தது 17,000 கோடி ரூபாய்க்கு மேல். 2025 மேயில் இன்னொரு 2.5 சதவீதத்தை விற்றது. எப்போது விற்பது, எப்போது காத்திருப்பது என்று அவன் நாள் பார்க்கிறான். களத்தில் நெல்லைக் கொட்டி, மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நம்மால் காத்திருக்க முடியுமா?

மாவு, பிஸ்கட், சிப்ஸ்

2001ல் உணவுப் பிரிவைத் தொடங்கினார்கள். 2002ல் ஆசீர்வாத் மாவு. 2003ல் சன்ஃபீஸ்ட் பிஸ்கட். 2007ல் பிங்கோ. 2010ல் யிப்பீ நூடுல்ஸ். நம் விராலிமலைப் பக்கத்திலும் ஆலை வந்தது. 2020ல் கல்கத்தாவின் சன்ரைஸ் மசாலாக் கம்பெனியைச் சுமார் 2,150 கோடிக்கு வாங்கினார்கள். 2025 ஜனவரியில் ஹோட்டல்களைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். அதே வருஷம் 24 மந்த்ரா என்ற இயற்கை விவசாயப் பொருள் கம்பெனியைச் சுமார் 470 கோடி வரை விலை பேசி வாங்கினார்கள். ரசாயனம் போடாமல் மண்ணோடு மல்லுக்கட்டியது விவசாயி. அந்தப் பெயருக்கு வந்த விலையில் அவனுக்குப் பங்கு உண்டா?

இருபது வருஷத்தில் இவ்வளவு எப்படி முடிந்தது? மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, சிகரெட் போகாத பெட்டிக்கடை கிடையாது. அந்தப் பாதை முன்னாடியே போட்டு வைத்தது. இரண்டு, அட்டை சொந்தம், அச்சு சொந்தம். மூன்று, தாங்கும் சக்தி. சிகரெட் அல்லாத நுகர்பொருள் பிரிவு ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு மேல் நஷ்டத்தில்தான் ஓடியது. சிகரெட் லாபம் தாங்கிப் பிடித்தது. நமக்கு ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்துக்கு விதை வாங்கக் கூட்டுறவு வங்கி வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. வித்தியாசம் உழைப்பில் இல்லை, தாங்கும் சக்தியில்.

ஊர்ச் சாவடிக்கு வந்த கம்ப்யூட்டர்

இந்தக் கம்பெனி 2000ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் ஈ-சௌபால் என்று ஒன்றைத் தொடங்கியது. சௌபால் என்றால் ஊர்ச் சாவடி. கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து, சோயாவுக்கு என்ன விலை தருவோம் என்று முன்கூட்டியே காட்டினார்கள். மின்னணுத் தராசில் எடை போட்டார்கள். பணம் உடனே கொடுத்தார்கள். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். மண்டியில் எடையில் அடி, கமிஷனில் அடி என்று நொந்துபோன விவசாயிக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆசீர்வாத் மாவுக்கு வேண்டிய கோதுமையையும் அந்த வழியில் தேர்ந்தெடுத்து வாங்கினார்கள்.

ஆனால் ஒரு கேள்வி. விலையைக் காட்டுவது யார்? கம்பெனி. தரம் பார்ப்பது யார்? கம்பெனி. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு? அதுவும் கம்பெனிக்கு. பக்கத்தில் அரசு மண்டியும் ஆதார விலையும் இருக்கும் வரை அவன் நல்ல விலை தருவான். அது இல்லாமல் போனால்?

2006ஐ நினைத்துப் பாருங்கள். தனியார் கம்பெனிகள் வடநாட்டில் போட்டி போட்டுக் கோதுமை வாங்கின. அரசு கொள்முதல் 92 லட்சம் டன்னாக விழுந்தது. ரேஷனுக்குக் கோதுமை போதாமல் வெளிநாட்டிலிருந்து சுமார் 55 லட்சம் டன் இறக்குமதி செய்தார்கள். அதுவும் நம் விவசாயிக்குக் கொடுத்த ஆதார விலையைவிட அதிக விலைக்கு! வெளிநாட்டுக்காரனுக்குக் கொடுக்க முடிந்த விலையை உள்நாட்டு விவசாயிக்குக் கொடுக்க ஏன் மனசு வரவில்லை?

2019ல் குஜராத்தில் என்ன நடந்தது? தனக்குப் பதிவான உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகச் சொல்லி, பெப்சி கம்பெனி விவசாயிகள் மேல் தலைக்கு 1 கோடியே 5 லட்சம் ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் வழக்கை வாபஸ் வாங்கியது. எதிர்ப்பு இல்லாவிட்டால் அந்தக் குடும்பங்களின் கதி என்ன?

2020ல் மத்திய அரசு மூன்று சட்டம் கொண்டு வந்தது. மண்டிக்கு வெளியே யாரும் வாங்கலாம், எவ்வளவும் பதுக்கலாம். ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. டெல்லி எல்லையில் வெயில், குளிர், மழையில் ஒரு வருஷம் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் சட்டம் ரத்தானது. உட்கார்ந்ததால் கிடைத்தது தோழர்களே, கெஞ்சியதால் அல்ல!

நம் பங்கு எவ்வளவு?

ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள் 2024ல் வந்தது. தக்காளி வாங்குகிறவர் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 ரூபாய். வெங்காயத்தில் 36. உருளையில் 37. பொருளாகவே விற்கும்போதே இந்தக் கதி. அதை அரைத்து, பொரித்து, கவரில் போட்டுப் படம் அச்சடித்து விற்றால் நம் பங்கு என்னவாகும்? நீங்களே கணக்குப் போடுங்கள். அந்தக் கவரைச் செய்கிறவன் செலவையும் லாபத்தையும் சேர்த்துத்தான் விலை வைக்கிறான். செலவுக்குக் கீழே விற்கும் ஒரே உற்பத்தியாளன் இந்த நாட்டில் விவசாயிதான்.

சுவாமிநாதன் கமிஷன் 2006லேயே சொன்னது, செலவுக்கு மேல் பாதி சேர்த்து விலை கொடு என்று. 2018 பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு கொடுப்பதாக அறிவித்தார்கள். ஆனால் சொந்த நிலத்தின் வாடகையையும் போட்ட முதலின் வட்டியையும் கணக்கில் விட்டுவிட்டார்கள். திருவொற்றியூர் ஆலையின் இடத்துக்கும் இயந்திரத்துக்கும் கணக்கு உண்டு. நம் நிலத்துக்கும் மோட்டாருக்கும் மட்டும் கணக்கு இல்லையா?

பெரம்பூரும் மாதவரமும் சொல்லும் பாடம்

இந்தப் பெரம்பூர் மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. 1918 ஏப்ரலில் பி அண்ட் சி மில் தொழிலாளிகள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இங்கேதான் தொடங்கினார்கள். வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். தனி ஆளாகக் கேட்டால் வேலை போகும், சேர்ந்து கேட்டால் பதில் வரும் என்பதை நாட்டுக்குக் காட்டிய மண் இது. மில் 1996ல் மூடிப் போனது. பாடம் மூடிப் போகவில்லை.

பக்கத்திலேயே மாதவரம். அங்கே ஆவின் பால் பண்ணை. அதுவும் பாக்கெட்டில் போட்டு விற்கிற உணவுதானே? ஆனால் அதன் அடியில் இருப்பது கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கம், அதற்கு மேல் ஒன்றியம், அதற்கும் மேல் 1981ல் ஏற்பட்ட இணையம். அங்கேயும் குறை உண்டு. பால் பணம் தாமதமாகிறது, அதிகாரி ஆதிக்கம் இருக்கிறது. இருந்தாலும் விலை போதவில்லை என்று நாம் சாலைக்கு வந்தால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். கம்பெனி யாருக்குப் பதில் சொல்லும்? பங்குதாரனுக்கு மட்டும்தான்.

பாலுக்கு முடிந்தது நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் மிளகாய்க்கும் ஏன் முடியாது? அரைப்பதும் கவரில் போடுவதும் கம்பெனிக்கு மட்டும் தெரிந்த வித்தையா?

நம் கோரிக்கைகள்

1. மொத்தச் செலவோடு பாதி சேர்த்த ஆதார விலையைச் சட்டமாக்கு! அதற்குக் கீழே வாங்குவது குற்றம் என்று எழுது!

2. தமிழ்நாட்டில் 2019ல் ஒப்பந்தச் சாகுபடிச் சட்டம் வந்தது. ஒப்பந்த விலை ஆதார விலைக்குக் கீழே போகக்கூடாது என்று அதில் சேர்த்திடு! ஒப்பந்தத்தைத் தமிழில், விவசாயிக்குப் புரியும்படி எழுது!

3. ஊராட்சிதோறும் உலர்களமும் கிடங்கும் கட்டிக்கொடு! காத்திருந்து விற்கும் சக்தியை எங்களுக்கும் கொடு!

4. விவசாயிகள் கூட்டுறவு மூலம் அரைக்க, ஆட்ட, கவரில் போட்டு விற்க வட்டியில்லாக் கடன் கொடு! ரேஷன் கடையிலும் சத்துணவிலும் அந்தப் பொருளை வாங்கு!

5. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குப் பணம் பிடுங்குவதை நிறுத்து! ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களைப் பலப்படுத்து!

விவசாயப் பெருமக்களே! அந்தக் கம்பெனி இலையில் தொடங்கி, பெட்டி, அட்டை, கடை, மாவு என்று ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துச் சங்கிலியாக்கியது. நாம் ஆளுக்கொரு வரப்பில் தனித்தனியாக நிற்கிறோம். கட்சி, சாதி பார்க்காமல் ஊருக்கு ஊர் சங்கக் கிளை அமையுங்கள். இந்தப் பிரசுரத்தைப் படிக்கத் தெரிந்தவர் படிக்கத் தெரியாதவருக்கு டீக்கடையிலும் களத்து மேட்டிலும் படித்துக் காட்டுங்கள். ஆர்ப்பாட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். பெண்கள் கட்டாயம் வாருங்கள். நாற்று நடுவதும் களை எடுப்பதும் நீங்கள்தானே?

விளைவித்தவன் விலை சொல்லும் நாள் வரும்வரை ஓயமாட்டோம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!