நகையும் கையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



'நகைச்சுவை' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்தார். விருந்துண்ட பின் கேட்பதற்கு ஏற்ற தலைப்பு என்று அவர் கருதியிருக்கலாம். ஆனால் நாம் எடுத்துக்கொண்டது அதன் கசப்பான ஒரு பகுதியை. மனம் நோகும்படி ஒருவன் கேலி பேசினால், அவனைக் கைநீட்டி அடிப்பது முறையாகுமா? சென்ற ஆவணி முதல் நம்மவருள் இருவர் கூடினால் எழும் வினா இதுவே. அதை விடுத்து வேறொன்றைப் பேசி உங்களைச் சிரிக்க வைக்க நம் மனம் ஒப்பவில்லை.

நிகழ்ந்ததை உங்களிற் பலர் அறிவீர்கள். அறியாதாருக்காகச் சுருங்கச் சொல்லுவோம். நம்மவருள் ஓர் இளைஞர், இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். தெலுங்கு பேச ஆவலோடு கற்று வந்தார். பேசும்போது வினைச்சொற்களைத் தமிழைப் போலவே முடித்துவிடுவார். உடன் வேலை செய்யும் ஒருவர் அதைக் கேட்டு நகைத்தார். பிறகு அவ்வாறே பேசிக் காட்டினார். பிறகு அது நாள்தோறும் நடக்கும் வேடிக்கையாயிற்று. உணவுக்கூடத்தில் இவர் தட்டோடு நுழைந்தவுடன், 'அரவம் வந்துவிட்டது' என்று ஒரு குரல் எழும்; மேசை முழுதும் சிரிக்கும். மூன்று வாரம் இவரும் உடன் சிரித்தார். நான்காம் வாரத்தில் ஒருநாள், ஊரில் தந்தையார் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்த நாளில், அந்தக் கேலி தந்தையார்மேல் சென்றது. எவர்சில்வர் தட்டு மேசையைத் தாண்டிப் பறந்தது. கேலி பேசியவர் நெற்றியில் நான்கு தையல். இவருக்கு வேலை போயிற்று.

'அரவம்' என்பது தெலுங்கில் தமிழுக்கு வழங்கும் பெயர். நம் மொழியிலோ அச்சொல்லுக்குப் பாம்பு என்றும் ஓசை என்றும் பொருளுண்டு. அகராதியில் பார்த்தால் குற்றமற்ற சொல்தான். சொல்லுகிற குரலைக் கேட்டவருக்கே அதில் கலந்திருந்த நஞ்சு தெரியும்.

இச்செய்தி நம் செயற்குழுவுக்கு வந்தபோது கருத்து இரண்டுபட்டது. 'அடித்தது சரியே, மானமுள்ளவன் வேறென்ன செய்வான்?' என்றார் ஓர் அன்பர். அவர் அமெரிக்கா வரை சென்று சான்று கொண்டுவந்தார். 2022 மார்ச்சு 27ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஆஸ்கார் விழாவை நீங்களும் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். கிறிஸ் ராக் என்னும் நகைச்சுவையாளர் மேடையில் நின்று, நடிகர் வில் ஸ்மித்தின் துணைவியார் ஜேடாவின் மழித்த தலையைச் சுட்டி, 1997இல் வந்த 'ஜி. ஐ. ஜேன்' படத்தின் அடுத்த பகுதியை எதிர்பார்க்கிறேன் என்றார். அந்தப் படத்தின் தலைவி படையிற் சேர்ந்து தலையை மழித்துக்கொள்வாள். ஜேடாவுக்கு முடி உதிரும் நோய் உண்டு. அதை அவர் 2018இலேயே வெளிப்படச் சொல்லியிருந்தார். ஸ்மித் எழுந்து மேடைக்குச் சென்றார். உலகம் பார்த்திருக்க, ராக்கின் கன்னத்தில் அறைந்துவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பினார்.

'மனைவியின் நோயைப் பழித்தவனுக்கு வேறென்ன விடை?' என்று கேட்டார் நம் அன்பர். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. மழித்த தலை என்பது என்ன? நம் ஊர் திருப்பதி செல்லும் மக்கள் வந்துபோகும் வட்டாரத்தில் இருக்கிறது. திருமலையில் முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம்; ஆடவர், பெண்டிர், கைக்குழந்தை என்ற வேறுபாடு அங்கு இல்லை. அவர்களைக் கண்டு ஒருவரும் நகைப்பதில்லை. பக்கத்தில் இடம்விட்டு அமர்கிறோம். அதே மழித்த தலை, நம் பாட்டிமார் காலத்துச் சில வீடுகளில், கணவனை இழந்த பெண்ணின்மேல் சுமத்தப்பட்ட கோலம். 'மொட்டைச்சி' என்பது அந்நாளில் நெஞ்சைப் பிளக்கும் வசை. இன்னொரு வீட்டில் அது நோயின் அடையாளம். கேலி செய்பவன் தலையைத்தான் பார்க்கிறான். அதன் பின்னால் இருப்பதை அறிந்தும் பேசுவான், அறியாமலும் பேசுவான். கேட்பவருக்கோ இரண்டும் ஒரே புண்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களைச் சொல்லும்போது எள்ளலை முதலில் வைத்தார். வெகுளி பிறக்கும் இடங்களுள் குடிக்கு நேரும் கேட்டையும் ஒன்றாக வைத்தார். ஒருவர் வாயில் எள்ளலாகத் தோன்றியது அடுத்தவர் நெஞ்சில் குடிப்பழியாகச் சென்று விழுவதை அந்த மேடையில் கண்டோம். நம் உணவுக்கூடத்திலும் கண்டோம். விளையாட்டாகச் சொல்லும் இகழ்ச்சியும் துன்பந்தரும் என்பதை வள்ளுவரும் பண்புடைமை அதிகாரத்தில் வைத்துப் பேசுகிறார். ஆகவே 'கேலிதானே, இதற்கா இவ்வளவு?' என்று கேட்பவரோடு நாம் சேரமாட்டோம். அந்த இளைஞரின் சினம் நியாயமான சினம்.

ஆனால் சினம் நியாயமானது என்பதால் அடியும் நியாயமானதாகிவிடுமா? அறை விழுந்த பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். அன்றிரவே ஸ்மித் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். மேடையில் கண்ணீரோடு பேசினார். மறுநாள் ராக்கிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஏப்ரல் 1ஆம் நாள் அந்தக் கழகத்தின் உறுப்பினர் பொறுப்பைத் துறந்தார். 8ஆம் நாள், பத்தாண்டுகளுக்கு அக்கழகத்தின் விழா எதிலும் கலந்துகொள்ளலாகாது என்று அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. ராக்கோ காவல் துறையிடம் முறையிடவும் மறுத்துவிட்டார். ஊராரின் பரிவு அவர் பக்கம் சென்றது. நோயுள்ள அம்மையாரின் தலையைச் சபையில் நகைப்புப் பொருளாக்கியது தகுமா என்று கேட்க வேண்டிய வாய்கள் எல்லாம், கணவரின் கையைப்பற்றியே மாதக்கணக்கில் பேசின. தமக்காக அறையும்படி அந்த அம்மையார் கேட்டாரா என்றுகூட எண்ணியவர் சிலரே. அறை விழுந்த கணத்தில் குற்றம் ஒருவரை விட்டு மற்றவரிடம் குடியேறிவிட்டது.

நம் இளைஞருக்கும் அதுவே நேர்ந்தது. விசாரணையில் தட்டைப்பற்றிக் கேட்டார்கள், எறிந்த தொலைவைக் கேட்டார்கள், தையலை எண்ணினார்கள். மூன்று வார நகைப்பைப்பற்றி ஒரு வரியும் எழுதப்படவில்லை. யாரிடமேனும் முன்பே சொன்னாயா என்று கேட்டபோது, அவர் ஒரு பெயரைச் சொல்லாமல் காத்தார். அந்தப் பெயர் நம்முடையது. இரண்டாம் வாரத்திலேயே அவர் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து, 'அண்ணா, இப்படிப் பேசுகிறார்கள்' என்று சொன்னார். 'தம்பி, பிழைக்க வந்த இடத்தில் இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா? நீயும் சிரித்துவிட்டுப் போ' என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினோம். அவரும் சொன்னபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த வட்டாரத்துக்குப் பாரதக் கதை புதிதன்று. சித்தூர்ச் சீமையில் தருமராசர் கோயில் என்றும் திரௌபதியம்மன் கோயில் என்றும் எத்தனை ஊர்களில் கண்டிருக்கிறோம்! அங்கெல்லாம் இரவு முழுதும் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாரதப் போரின் வித்து ஒரு சிரிப்பு. இந்திரப்பிரத்தத்து மண்டபத்தில் நீரைத் தரையென எண்ணித் துரியோதனன் விழுந்தான்; கண்டவர் நகைத்தனர். வியாசர் நூலில், விழுந்த அவனைப் பார்த்து நகைத்தவனாக முன்னே வருபவன் வீமன். பாஞ்சாலியும் நகைத்தாள் என்பது துரியோதனனே தன் தந்தையிடம் சென்று சொல்லும் முறையீட்டில் இருக்கிறது. கூத்து மரபோ நகைப்பு முழுவதையும் அவள்மேலேயே ஏற்றிவிட்டது. இது நமக்கு நெடுநாளாக ஓர் ஐயம்: நகைத்த ஆடவரை மறந்து, பெண்ணின் சிரிப்பை மட்டும் ஊர் ஏன் நினைவில் வைத்துக்கொண்டது? வேறொரு கூட்டத்தில் அதைப் பேசுவோம்.

துரியோதனனுக்கு நேர்ந்தது அவமானமே, அதை மறுப்பதற்கில்லை. அவன் பக்கத்து வழக்கறிஞராக நின்றால் நாமும் சிறிது பேசலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்கு விடையாக அவன் தம்பி ஒரு பெண்ணின் கூந்தலைப் பற்றிச் சபைக்கு இழுத்து வந்தான். அந்தக் கணத்துக்குப் பிறகு நீரில் விழுந்தவனுக்காக இரங்க ஓர் உயிரும் இல்லை. பதினெட்டாம் நாள் படுகளத்தில், மண்ணாற் செய்த துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்க, வீமன் வேடத்தார் தொடையில் அடிக்க, விரித்த கூந்தலை அம்மன் முடிக்கும்போது, ஊரே கைகூப்பி நிற்கிறது. அவன் வழுக்கி விழுந்த கதை அங்கே ஒருவர் நினைவிலும் இல்லை.

அதே கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறான். அரசன் வேடம் கட்டியவரை முகத்துக்கெதிரே கேலி செய்வான். ஊர்ப் பெரிய மனிதரையும் விடமாட்டான். அவன்மேல் ஒருவரும் கைவைப்பதில்லை. அவன் பெரும்பாலும் வலியவர்களையே சீண்டுகிறான். தன்னையும் சேர்த்து நகைத்துக்கொள்கிறான். புதிதாக வந்து மொழி தெரியாமல் தட்டோடு நிற்கும் ஒருவனைப் பத்துப்பேர் சூழ்ந்து நகைப்பதற்குக் கட்டியக்காரன் உரிமையைக் கொடுக்க முடியாது.

சட்டம் இதை எவ்வாறு காண்கிறது என்று ஓர் அன்பர் கேட்டார். 2024 சூலை 1 முதல் வழக்கிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, வேண்டுமென்றே ஒருவருக்குக் காயம் விளைவித்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடுமையாகவும் திடீரெனவும் சினமூட்டப்பட்டதனால் சினமூட்டியவரையே அடித்திருந்தால், அது ஒரு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் எனக் குறைகிறது. தண்டனை குறைகிறதேயன்றிக் குற்றம் மறைவதில்லை. சொல்லும் சைகையும்கூடச் சில நிலைகளில் அத்தகைய சினமூட்டலாகலாம் என்று 1961இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும், சினம் ஆறப் போதிய நேரம் இருந்தது என்று சொல்லி, அந்தச் சலுகையை அவருக்கு மறுத்தது. தற்காப்பு உரிமையையும் சட்டம் உடலுக்கும் உடைமைக்குமே தந்திருக்கிறது. மானத்தைக் காக்கக் கையோங்கும் உரிமை அதில் இல்லை.

'அப்படியானால் எளியவன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டே இருக்கவேண்டுமா?' என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். சாதியைச் சொல்லிப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்துவதை விளையாட்டென்று விட்டுவிடாமல், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே வைத்தது. பொறுத்துப்போ என்று அந்த மக்களுக்கு நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. அந்த அறிவுரையால் கேலி ஒருநாளும் ஓயவில்லை. ஆகவே பொறுமையை நாம் அறிவுரையாகக் கூறவில்லை. திண்ணையில் ஒருமுறை கூறியதன் பயனைக் கண்டுவிட்டோம். அந்த வாரத்தில் நாம் அவரோடு உணவுக்கூடம் வரை சென்றிருக்கலாம். முறையீட்டை எழுதிக் கொடுத்திருக்கலாம். கேலி பேசியவரைத் தனியே அழைத்து, நம் கொச்சைத் தெலுங்கிலேயே, 'பாபு, இது போதும்' என்று சொல்லியிருக்கலாம்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால் இந்த உரை பொய்யாகிவிடும். சத்தியவேட்டுப் பகுதி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. திருத்தணி அந்த நாளில்தான் ஆந்திரத்திலிருந்து அங்கே சென்றது. எல்லை மாறியபோது மக்கள் இடம்பெயராமல் அப்படியே இருந்தனர். இந்த ஊர்களில் இரு மொழியும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில், சென்ற ஆண்டு விழாவில், இதே மேடையில் நாம் ஒரு நாடகம் போட்டோம். அதில் வரும் வேலைக்காரனை மற்றப் பாத்திரங்கள் 'கொல்டி, கொல்டி' என்று அழைத்தன. ஒவ்வொரு முறையும் கொட்டகை அதிர்ந்தது. இந்த இடத்தை நமக்கு வாடகையின்றித் தந்த பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார், தெலுங்கர். மூன்றாம் முறை அச்சொல் வந்தபோது அவர் மெல்ல எழுந்து, மேல்துண்டைத் தோளில் இட்டுக்கொண்டு, வெளியே சென்றார். மறுநாள் காலை சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற நம்மை அமரச் செய்து, மோர் கொடுத்தார். நாடகத்தைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அந்த நாடகத்தை எழுதியது நாமே.

அந்தப் பெரியவர் இன்றும் வந்திருக்கிறார். ஐயா, ஓராண்டு தாழ்த்திச் சொல்லுகிறோம், எங்களை மன்னிக்கவேண்டும். அந்தச் சொல் இனி இம்மேடையில் ஒலிக்காது.

வேலை இழந்த இளைஞர் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, நெற்றியில் தையலிட்டவருடைய வீட்டுக்குச் செல்ல விரும்புகிறார். கேட்கவேண்டிய மன்னிப்பைத் தெலுங்கிலேயே எழுதி, நம்மிடம் காட்டினார். வினைச்சொற்களை நாம் திருத்தவில்லை. அவரோடு நாமும் செல்லுகிறோம். உடன் வர விரும்பும் அன்பர்கள் ஒன்பது மணிக்குப் பேருந்து நிலையத்தில் இருக்கலாம்.