கரு கலைந்த பின் வரும் மாதவிலக்கு

முதல் மூன்று மாதத்துக்குள் கரு கலைந்த பெண்களில் பலர், "மாதவிலக்கு ஏன் இன்னும் வரவில்லை?" என்று தமக்குள்ளேயே கலங்குகிறார்கள்.

கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் ஒரே நாளில் மறைவதில்லை. முழுமையாகக் குறையச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை சிறுநீர்ப் பரிசோதனை, கர்ப்பம் இருப்பதாகவே காட்டக்கூடும். அது தணிந்த பிறகுதான் சினைப்பை பழைய வேலைக்குத் திரும்புகிறது. கருமுட்டை முதிரும்போது ஈஸ்ட்ரோஜனும், வெளிப்பட்ட பின் புரொஜெஸ்டரோனும் உயரும். கரு தங்காவிட்டால் இரண்டும் இறங்கும், மாதவிலக்கு வரும். இதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரமாகும்.

ஒன்றைக் கவனியுங்கள். கருமுட்டை முன்னே, மாதவிலக்கு பின்னே! 2 வாரத்திலேயே கருமுட்டை வெளிப்படலாம். ஆகவே மாதவிலக்கைக் காணாமலே மீண்டும் கருத்தரிக்கலாம். இப்போது வேண்டாம் என்போர், கருத்தடை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது.

காய்ச்சல், துர்நாற்றம், ஒரு மணி நேரத்திலேயே பேட் நனையும் அளவுக்கு உதிரப்போக்கு இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 8 வாரமாகியும் மாதவிலக்கு வராவிட்டாலும் மருத்துவரைக் காணுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. "அன்னாசி தின்றாள், பாரம் தூக்கினாள்" என்று பழி போடாதீர்கள். ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். அவள் குற்றவாளி அல்ல.