திரையிற் படம் தடங்குவது ஏன்?



புளியங்குளத்திலே எங்கள் அயலில் வாழும் அம்மையார் ஒருவருடைய இளைய மகனுக்குச் சென்ற ஆண்டு கனடாவிலே திருமணம் நடந்தேறியது. விசா கிடையாமையால் தாய் செல்ல இயலவில்லை. மணவிழாவைக் கைத்தொலைபேசியாற் பதிந்து, பென்டிரைவ் ஒன்றிலிட்டு, ஊருக்கு வந்த உறவினரிடம் கொடுத்தனுப்பினார்கள். தொலைக்காட்சியோடு பழைய கணினியொன்றை இணைத்து, அயலவர் அனைவரும் கூடியமர்ந்தோம். நாதசுரமும் தவிலும் தடையின்றி ஒலித்தன. படமோ விட்டுவிட்டு நகர்ந்தது. கெட்டிமேளம் முழங்கியபோது மணமகன் தாலியைக் கையில் எடுக்கவேயில்லை. படம் மீண்டும் அசைந்தபோது பெரியோர் அறுகரிசி இட்டுக்கொண்டிருந்தனர்.

"தாலி கட்டினதை நான் காணேல்லை, மாஸ்டர்" என்றார் அம்மையார்.

1990களில் வன்னியில் மின்சாரமில்லாதிருந்த காலத்தில், துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். மிதிப்பவர் களைத்தாற் குரல் தேயும். காரணம் கண்முன்னே தெரியும். கணினியினுள்ளே களைப்பவர் யார் என்பதுதான் எளிதிற் புலப்படுவதில்லை.

முழு உயர்தரப் படச்சட்டம் ஒன்றில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. செக்கனுக்கு 30 சட்டங்கள் எனின், 6 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் திரைக்கு வரவேண்டும். அத்தனையையும் அப்படியே சேமிக்க இடம் போதாது. ஆகவே சுருக்கி வைத்து, காட்டும்போது விரிக்கிறார்கள். 2003இல் வந்த எச்.264 என்பது ஒரு சுருக்குமுறை. 2013இல் வந்த எச்.ஈ.வி.சி. அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் அடக்கவல்லது. ஆனால் விரிப்பதற்கு உழைப்பு மிகுதி. ஐபோன்கள் 2017 முதல் இம்முறையிற் பதியத் தொடங்கின. நம் அம்மையாருக்கு வந்ததும் அதுவே.

இச்சுருக்கத்தை விரிப்பதற்கென்றே தனிச்சுற்று ஒன்று கிராபிக்ஸ் பகுதியில் அமைந்திருக்கும். அது அந்த முறையை அறியாவிடில், பாரம் முழுவதும் மையச் செயலியின் தலையில் விழும். அக்கணினியோ 2013ஆம் ஆண்டுத் தலைமுறையைச் சேர்ந்தது. டாஸ்க் மானேஜரைத் திறந்து பார்த்தோம். செயலி நூற்றுக்கு நூறு உழைத்துக்கொண்டிருந்தது. 'வீடியோ டிகோட்' என்னும் கோடோ அசையாது தரையிற் கிடந்தது. களைத்தவர் யார் என்பது தெளிவாயிற்று.

ஆயினும் நாங்கள் இப்பரிசோதனையைச் செய்தது, காசு ஒருமுறை வீணான பின்னரே. அம்மையாரின் பேரன் வவுனியாவுக்குச் சென்று, நினைவகம் பெரிதென்று சொல்லப்பட்ட அட்டையொன்றை வாங்கிவந்தான். அது எச்.264இற்கு மேல் அறியாத பழைய வகை. நினைவகத்தின் பெருமை தாலிக்கு உதவவில்லை.

வாங்குமுன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, அட்டை எந்தச் சுருக்குமுறைகளை விரிக்கும் என்பதே. என்விடியாவின் ஜி.ரி. 1030, 2017இல் வெளிவந்த சிறிய அட்டை, எச்.ஈ.வி.சி.யையும் வி.பி.9ஐயும் விரிக்கும். 2018இல் வெளியான ஏ.வி.1ஐ அது அறியாது. அதுவும் வேண்டுமெனின் இன்டெல் ஆர்க் போன்ற புதியவற்றை நாடவேண்டும். இன்டெல்லின் ஏழாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ கணினியில் இருந்து, அதிற் கிராபிக்ஸ் பகுதியும் சேர்ந்திருப்பின், எச்.ஈ.வி.சி.க்காக அட்டையே வாங்கவேண்டியதில்லை. ஒரேயொரு படத்திற்காகவும் வாங்கவேண்டாம். வேறொரு கணினியில் எச்.264ஆக மாற்றிக்கொள்ளலாம், செலவில்லை. ஆனால் கனடாவிலிருந்து மாதந்தோறும் படம் வருகிற வீட்டிற்கு அது தொல்லை.

அடுத்தது உடலமைப்பு. அலுவலகங்களிற் பாவித்து விற்கப்படும் மெலிந்த பெட்டிகளில் முழுவுயர அட்டை நுழையாது. அரையுயரத் தகடு உள்ளதைக் கேட்டு வாங்கவேண்டும். மின்வழங்கியும் சிறியதாகவே இருக்கும். தாய்ப்பலகையின் பொருத்துவாயினாலேயே 75 வாட் வரை பெறலாம், ஜி.ரி. 1030க்கு 30 வாட் போதும். நமது செம்மண் புழுதியில் மின்விசிறிகள் விரைவில் அடைபடுவதால், விசிறியில்லா வகையையே நான் விரும்புவேன்.

மற்றொன்று. திரைப்படங்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 24 சட்டங்கள் கொண்டவை. திரை 60 முறை புதுப்பிக்கப்படின், ஒரு சட்டம் இருமுறையும் அடுத்தது மும்முறையும் தோன்றும். காட்சி பக்கவாட்டில் நகரும்போது மெல்லிய துடிப்புத் தெரியும். அதற்கு அட்டையைப் பழிக்கலாகாது. தொலைக்காட்சி இடங்கொடுத்தால் 24இற்கு மாற்றிவிடுக.

இரண்டாவது அட்டையைப் பொருத்திய மாலையிலும் படம் தடங்கியது! பேரனின் முகம் வாடிவிட்டது. பார்த்தால், எச்.டி.எம்.ஐ. வடம் பழைய துளையிலேயே இருந்தது. அதைக் கழற்றி அட்டையின் துளையிற் செருகினோம்.

கெட்டிமேளம் முழங்கிற்று. மகனின் கை உயர்ந்தது; மூன்று முடிச்சும் தெரிந்தன. அம்மையார் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, "இன்னொருக்காப் போடு ராசா" என்றார். பேரன் போட்டான்.