கடலுக்குள் ஒரு காடு

2018-இல் தேனி குரங்கணி மலையில் தீப்பிடித்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அப்படி எரிந்தால் புல் அடுத்த மழையிலேயே துளிர்த்துவிடும். மரத்துக்குப் பல வருடம் வேண்டும். நம் புதுமடம் கரைக்கு எதிரே, மன்னார் வளைகுடாவிலும் ஒரு காடு இருக்கிறது. பவளப்பாறையைத்தான் சொல்கிறேன். அதற்குத் தீ என்பது கோடையில் சூடேறும் கடல்நீர். பவளத்துக்குள் இருந்து உணவு தரும் நுண்பாசி சூடு தாங்காமல் வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். நீடித்தால் பட்டினியில் சாகும்.

பெரிய அளவில் வெளுத்த வருடங்கள் 1998, 2010, 2016, 2024. கழித்துப் பார்ப்பது வங்கிக்காரன் பழக்கம்: இடைவெளி 12, 6, 8. 2016-இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23-க்கு இறங்கியது. மான்கொம்பு போலக் கிளைவிடும் வகைதான் அதிகம் செத்தது. உருண்டைக் கல் போன்ற வகை தாக்குப்பிடித்தது. மீன்குஞ்சுகள் ஒளிவதோ அந்தக் கிளைகளுக்குள்.

முன்பு சுண்ணாம்புக்காக இதை வெட்டி எடுத்தார்கள். 2001-இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. வெட்டுவது நின்ற பிறகு பவளம் மீண்டும் பெருகியது. தேறும் சக்தி அதற்கு இருக்கிறது, அவகாசம்தான் முன்போல் இல்லை.

வெயிலை நாம் குறைக்க முடியாது. ஆனால் கழிவுநீர் கடலில் கலந்தால் செத்த பவளத்தின் மேல் பாசி மண்டும். புதுப் பவளம் ஒட்ட இடமிருக்காது. நம் செப்டிக் டேங்க் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? செயலாளர் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் பதில் வாங்கி அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும்.