இரும்புக்கையும் நம்ம கையும்



1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டன் வாரஇதழில் பிறந்தவன். ஆய்வுக்கூட உதவியாளன், விபத்தில் வலதுகை போய் இரும்புக்கை மாட்டியவன். கரண்டைத் தொட்டால் உடம்பு மறையும். கை மட்டும் தெரியும்.

வாசுதேவநல்லூர்க் காலனிப் பையனுக்கு இதிலே அதிசயம் என்ன? நாத்து நடுற கை, களத்திலே தூத்துற கை ஊருக்குத் தெரியும், ஆளு தெரியமாட்டான். ஒரே ஒரு வித்தியாசம்: அவன் தொட்டா மறைவான். நாம டீக்கடைப் பொதுத் தம்ளரைத் தொட்டாத்தான் ஊர்க்கண்ணுக்கே தெரிவோம்.

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை 1950லேயே ஒழிச்சாச்சு. இனி மாயாவிக்குக் காத்திருக்க வேண்டாம். தொடுவோம், தோழர்களே. ஒண்ணாப் போய், மறையாமல் தொடுவோம்.