பட்டம் வேறு, உரிமம் வேறு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இன்ஜினியருக்குச் சட்டத்தில் என்னய்யா வேலை?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. நம் வீடுகளிலும் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணம் புரட்டுவதும் விண்ணப்பம் நிரப்புவதும் நாம்தான். அதில் நான் செய்த தவறைச் சொல்லத்தான் வந்தேன்.

என் தங்கை மதுரையில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு முடித்து, பார் கவுன்சிலில் பதிவும் செய்தவள். நியூயார்க்கில் வக்கீலாக ஆசைப்பட்டாள். அமெரிக்காவில் எல்.எல்.எம். படிக்காமல் முடியவே முடியாது என்று நாலு பேர் சொன்னார்கள், நானும் நம்பினேன். மேலூர்ப் பக்கம் அப்பா வைத்திருந்த வயலை அடகு வைத்துப் பணம் கட்டினோம். படிப்பு முடியும் சமயத்தில்தான் அவள் தேர்வு வாரியத்துக்கு மனுப் போட்டாள். இந்தியப் பட்டமே தேர்வெழுதப் போதும் என்று பதில் வந்தது. படித்தது வீணில்லை. ஆனால் வயலை வைத்தது அந்தத் தேர்வுக்காகத்தானே!

நியூயார்க் விதி இதுதான். நம்மைப் போல ஆங்கிலேயச் சட்ட மரபுள்ள நாட்டில் முழுநேரமாகக் குறைந்தது மூன்றாண்டு சட்டம் படித்தவர், நேரடியாகவே அனுமதி கேட்கலாம். கால அளவிலோ சட்ட மரபிலோ குறை இருந்தால்தான், அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்லூரியில் 24 கிரெடிட் எல்.எல்.எம். வேண்டும். அதிலும் சில பாடங்கள் கட்டாயம். இரண்டிலும் குறை என்றால் அந்த வழியும் அடைபடும்.

கலிபோர்னியாவில், சொந்த நாட்டில் பதிவு பெற்ற வக்கீல் எல்.எல்.எம். இல்லாமலே தேர்வெழுதலாம். ஆகவே ஊரில் பதிவு செய்யாமல் விமானம் ஏறாதீர்கள். இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக 2021 முதல் எஸ்.க்யூ.ஈ. என்ற இருகட்டத் தேர்வு. மற்றவர்களுக்கு உள்ள இரண்டாண்டு வேலை அனுபவ நிபந்தனை, வெளிநாட்டில் தகுதி பெற்ற வக்கீலுக்குக் கிடையாது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: உரிமம் கிடைத்தால் விசா கிடைத்ததாக அர்த்தமில்லை.

அங்கே படித்துவிட்டு இங்கே திரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜார்ஜ் ஜோசப் லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டராகி, 1909இல் நாடு திரும்பினார். பிறகு மதுரையில் தொழில் நடத்தி, குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சிக்கிய கள்ளர் மக்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று உசிலம்பட்டிப் பக்கம் இன்றும் சொல்வார்கள். அன்று லண்டன் பாரிஸ்டர் பட்டமே நம் நீதிமன்றத்துக்கு அனுமதிச் சீட்டு. இன்று அப்படி இல்லை. வெளிநாட்டுப் பட்டம் இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். அது நடத்தும் தகுதித் தேர்வும் எழுத வேண்டும்.

மண் பரிசோதனை செய்யாமல் நாம் அஸ்திவாரம் தோண்டுவதில்லை. அதுபோல, முதல் கடிதம் பல்கலைக்கழகத்துக்குப் போகக் கூடாது. உரிமம் கொடுக்கிற இடத்துக்குப் போக வேண்டும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் பணம் கட்டுங்கள்.

தங்கை தேர்வில் தேறிவிட்டாள். வயல்தான் இன்னும் முழுசாக மீளவில்லை. மாதாமாதம் அவளே கட்டி வருகிறாள். அந்த மாதிரி வேறொரு வயல் அடகுக்குப் போகாமல் இருந்தால், நான் இங்கே பேசியதற்குப் பலன் உண்டு.