கூலி கடல் கடக்கும், உரிமை கடக்காதா?

(பாலவாக்கம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தத் திடலுக்குக் கிழக்கே கடல், மேற்கே கால்வாய். கால்வாய்க்கு அப்பால், கண்ணைப் பறிக்கும் கண்ணாடி மாளிகைகள். இரவெல்லாம் வலை வீசியவன் விடியலில் கரை திரும்புகிறான். அதே விடியலில், மணி ஆறரைக்கு, குப்பத்தை அடுத்த தெருவிலே ஓர் இளைஞன் மடிக்கணினியைத் திறக்கிறான். ஏன் ஆறரை? சிங்கப்பூரில் அப்போது மணி ஒன்பது! அவனுடைய முதலாளி அங்கே, அவன் இங்கே, இடையிலே வங்கக் கடல்!

அந்த இளைஞனை ஒரு நாள் காலை நம் படிப்பகத்தில் கண்டேன்.

“என்ன தம்பி, வேலை நேரத்தில் இங்கே?” என்றேன்.

“வேலையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், அண்ணே” என்றான்.

இரண்டு ஆண்டுகள் உழைத்திருக்கிறான். ஒரு நாள் காலை கணினி அவனை உள்ளே விடவில்லை. காரணம் கூறும் கடிதம் இல்லை; இரண்டு மாத ஊதியம் பாக்கி. நிறுவனத்தைக் கேட்டான். “உமக்கும் எமக்கும் ஒப்பந்தம் ஏது? உம்மைச் சம்பளப் பட்டியலில் வைத்திருக்கும் இடைநிலை நிறுவனத்தைக் கேளும்” என்றது. இடைநிலை நிறுவனத்தைக் கேட்டான். “அங்கிருந்து பணம் வரவில்லை, வந்தால் தருவோம்” என்றது.

தோழர்களே! நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். ஆனால் நாடகம் எழுதுகிறவன். மேடையிலே ஒரு பாத்திரத்தை மறைக்க வேண்டுமானால் நாங்கள் திரையை இழுக்க வேண்டும். விளக்கை அணைக்க வேண்டும். இங்கோ, பட்டப்பகலில், முழு வெளிச்சத்தில், முதலாளி என்ற பாத்திரமே மறைந்துவிட்டது! எத்தனை திறமையான நாடகம்!

இந்த நாடகம் ஏன் நடக்கிறது? சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று அயல்நாட்டு வல்லுநரைத் தன் மண்ணுக்கு அழைத்து வேலை தர வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குரிய குறைந்த அளவு மாத ஊதியம் 2025 சனவரியில் 5,600 சிங்கப்பூர் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில், மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையும் வந்துவிட்டது. நிறுவனம் எண்ணுகிறது: ஆளை ஏன் அழைக்க வேண்டும்? வேலையை அனுப்பினால் போதாதா? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடுதானே!

அமெரிக்காவின் கணக்கும் அதுவே. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால், குளிர்காலத்தில் நமக்கு இரவு ஏழரை. நம் பிள்ளைகள் இரவைப் பகலாக்கி உழைத்தார்கள். மெக்சிகோ, கொலம்பியா நாட்டு இளைஞனோ அமெரிக்கன் விழிக்கும்போது விழித்து, உறங்கும்போது உறங்குகிறான். ஆகவே அருகிலுள்ள அயல்நாட்டானைத் தேடுகிறார்கள். இதிலே நம் நாட்டு நிறுவனங்களும் பின்தங்கவில்லை. டாட்டா கன்சல்டன்சி 2002-லேயே உருகுவே நாட்டு மொண்டேவிடியோவில் மையம் திறந்தது. இன்போசிஸ் 2007-இல் மெக்சிகோவின் மொண்டெர்ரேக்குச் சென்றது. தரமணியில் டைடல் பூங்கா 2000 சூலை 4-இல் திறக்கப்பட்டபோது, வேலை நம்மைத் தேடி வந்தது என்று மகிழ்ந்தோம், மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் நம்மைத் தேடி வந்த வேலை, நாளை வேறொருவனைத் தேடிப் போகவும் கால்கள் உடையது!

இது புதுமையா? இல்லை, தோழர்களே! அருகிலுள்ள அயல்நாட்டிலிருந்து ஆள் பிடிக்கும் கலைக்கு நம் இனமே பாடப் புத்தகம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில், இலங்கைக் காப்பித் தோட்டத்து வெள்ளைத் துரைக்கு ஆள் வேண்டும். அவன் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் வந்தானா? வரவில்லை. கங்காணி வந்தான். நம் மொழி பேசினான், முன்பணம் நீட்டினான். கடல் கடந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியிலேயே மடிந்தவர் எண்ணற்றோர். காப்பி அழிந்து தேயிலை வந்தது. கங்காணி மட்டும் அழியவில்லை! வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குத் தலைக்காசு. தொழிலாளிக்கோ கடன். அந்தக் கடன் தொகையை ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதி, ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். கூலி குறைந்தால் யாரைக் கேட்பது? துரையைக் கேட்டால் கங்காணியைக் காட்டுவான். கங்காணியைக் கேட்டால் துரையைக் காட்டுவான்!

இன்றைய இடைநிலை நிறுவனமும் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்குகிறது. வேலை ஏவுபவன் ஒருவன். சம்பளச் சீட்டில் கையெழுத்திடுபவன் வேறொருவன். லயத்து அறையும் மின்விசிறி சுழலும் அறையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அட்டைக் கடியில் குருதி சிந்திய அந்த மக்களின் துயரத்தை அப்படி மலிவாக்க மாட்டேன். ஆனால், ‘என்னைக் கேட்காதே, அவனைக் கேள்’ என்னும் அந்தத் தந்திரம் இருக்கிறதே, அது ஒன்றுதான்!

அதன் முடிவு என்ன ஆயிற்று? 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறீமாவோ – சாத்திரி உடன்பாடு. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவை பாத்திரங்கள் அல்ல, மனிதர்கள்! உழைப்பை ஏற்றுக்கொண்ட நாடு உழைத்தவனை ஏற்கவில்லை. உரிமையை முதலிலேயே எழுதி வாங்காத உழைப்புக்கு வரலாறு தந்த பரிசு அது!

இன்று சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்தக்காரன் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும் என்றது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் அந்த நெறியைக் கைவிடவில்லை. நல்லது! ஆனால் அந்த முதன்மை முதலாளி கடலுக்கு அப்பால் இருந்தால்? தொழிலாளர் அலுவலரின் அழைப்பாணை மெரினாவைத் தாண்டி நீந்திச் செல்லுமா?

இன்னொன்று கேளுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் பதிவுச் சான்று பெற வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று விதித்தது 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டம். விமானம் ஏறுகிறவனுக்குப் பாதுகாப்பு! வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதே வெளிநாட்டுக்கு உழைப்பவனுக்கு? அவன் குடிபெயரவில்லை, ஆகவே அந்தச் சட்டம் அவனைக் காணாது. அவன் உழைப்பு குடிபெயர்ந்துவிட்டதே, அதைக் காண வேண்டாமா?

இன்னும் கொடியது, இடைநிலை நிறுவனமும் இல்லாமல் ‘நீ தனி ஒப்பந்தக்காரன்’ என்று எழுதி வாங்கும் முறை. சேமநல நிதி இல்லை; பணிக்கொடை இல்லை. பெண்ணாயின், ஊழியருக்கு உரிய 26 வாரப் பேறுகால விடுப்பும் இல்லை. நாள்தோறும் கட்டளை வரும், நேரம் குறிப்பார்கள், விடுப்புக்கு அனுமதி கேட்க வேண்டும். ஆனாலும் அவள் ‘சுதந்திரமானவள்’! ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் செயலித் தளங்களில் உழைப்போருக்காக ஒரு நெறிமுறை வகுத்தது. வேலையை ஏவிக் கட்டுப்படுத்துவதற்கான அடையாளங்கள் இருந்தால் உழைப்பவன் ஊழியனே. அல்ல என்றால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது! அந்த நீதி நமக்குக் கசக்குமா?

“இப்படிப் பேசினால் வரும் வேலையும் வராதே” என்று நண்பர் சிலர் அஞ்சுகிறார்கள். அவர்களது அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். இந்த வேலை பல வீடுகளில் அடுப்பெரியச் செய்கிறது. குழந்தையைப் பிரியாமல் தாய் சம்பாதிக்கிறாள். படியேற முடியாத மாற்றுத்திறனாளி படியேறாமலே பொறியாளனாகிறான். அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தபோது, கதவு அடைபட்டவனுக்கு இது சன்னல். சன்னலை மூடச் சொல்லவில்லை, தோழர்களே! சன்னல் வழியே வருகிறவன் தன் பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு வரட்டும் என்கிறோம்!

வியட்நாம் இளைஞனையோ மெக்சிகோ மங்கையையோ பகைவராகக் கருதவும் வேண்டாம். நம்மை விடக் குறைந்த கூலிக்கு அவர்கள் அமர்த்தப்பட்டால், குற்றம் வாங்குகிறவனிடத்தில் அன்று, கொடுக்கிறவனிடத்தில்!

நாம் கேட்பவை மூன்று. இடைநிலை நிறுவனம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். மூன்று மாத ஊதியத்தைப் பிணையாகக் கட்ட வேண்டும். வேலையை ஏவும் நிறுவனத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஊதியத்துக்கு இருவரும் பொறுப்பு. வழக்கு எழுந்தால் உழைப்பவன் வாழும் ஊரிலேயே விசாரணை நடக்க வேண்டும்.

தோழர்களுக்கும் வேலை உண்டு. தகவல் தொழில்நுட்ப ஊழியரும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவாக்கியது. நாளை முதல் நம் படிப்பகத்தில் மாலை தோறும் ஒரு மேசை போடுங்கள். தெருத் தெருவாகச் செல்லுங்கள். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வழக்கறிஞத் தோழர்களைக் கொண்டு படித்துக் காட்டுங்கள். நம் பாட்டன் கைந்நாட்டு வைத்தான், எழுத்தறியாதவன், மன்னிக்கலாம். பட்டம் பெற்ற பேரன் படிக்காமல் கையெழுத்திட்டால் யார் மன்னிப்பது?

அந்தத் தம்பி இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். மேசையின் முதல் மனு அவனுடையது. அவனுக்கு வர வேண்டிய இரண்டு மாத ஊதியம் வரும்வரை, அந்த மேசையை மடக்காதீர்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.